வரிசை நகரும் நேரம்

டயருக்கு நூற்றுப் பத்து.
எனக்கு நூற்று எழுபத்திரண்டு.

டயர் என்றால் இரும்புக் கம்பியால் ஒரு தட்டு போதும்,
எது தாங்கும், எது பாதி வழியில் வெடிக்கும் என்று
சத்தமே சொல்லிவிடும்.
பதினெட்டையும் தட்டிப் பார்த்த பிறகுதான்
சாத்தாங்காட்டிலிருந்து வண்டியை எடுப்பேன்.

சர்க்கரை வந்து ஒன்பது வருஷம்.
வாடகை தராத குடித்தனக்காரனோடு பழகுவது போல
அதோடு பழகியாயிற்று.
பிரஷர் பின்னால் வந்தது,
வாசலில் செருப்பைக்கூட விடாமல்.
தலைவலி இல்லை. கிறுகிறுப்பு இல்லை.
ஒரு வம்புக்கும் போகாதவனை
எதற்காக வெளியே பிடித்துத் தள்ளுவது?

காலையில் ஒன்று என்று வெள்ளை மாத்திரை தந்தார்கள்.
விழுங்கிய ஒரு மணி நேரத்தில்
அடிவயிறு ஹாரன் அடிக்கும்.
சர்க்கரைக்காரனுக்கு அந்தத் தொல்லை
முன்பே பாதி உண்டு.
எண்ணூர் விரைவுச் சாலையில்
எனக்கு முன்னே நாற்பது டிரெய்லர்,
பின்னே கண்ணாடிக்கு எட்டிய வரைக்கும் டிரெய்லர்.
ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டிய கல்.
மறு பக்கம் லாரித் தண்ணீருக்குக்
குடத்தோடு நிற்கும் பெண்கள்.
எங்கே இறங்குவது?
நாலு மணி நேரமாக அசையாத வரிசை
நான் லுங்கியை மடித்துக் கட்டிய நிமிஷம் அசையும்.
கிளீனர் பையன் வேறு
கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான்.

அதனால் ஜீரோ கேட் நாட்களில் மாத்திரை கிடையாது.
வாரத்தில் ஐந்து நாள் ஜீரோ கேட்.

எஸ்தர் காலி அட்டைகளை எண்ணுவாள்.
உள்ளே இருந்தவை டாஷ்போர்டில்,
வேர்க்கடலை மடித்த காகிதத்துக்குள் இருந்தன.
பாவம், அவள் பங்குக்கு
காசிமேட்டு நெத்திலிக் கருவாட்டை
மூன்று தண்ணீரில் அலசி எடுப்பாள்.
அதற்குப் பிறகு அது கருவாடு இல்லை,
கருவாட்டின் பக்கத்து வீடு.
"உப்பைக் குறைச்சும் ஏன் இறங்கல?" என்பாள்.
நான் சோற்றைப் பார்ப்பேன்.

போன மாதம்
மாநகராட்சி ஆஸ்பத்திரியில்
நர்ஸ் ஜெபக்கனி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னார்.
காலைக் குறுக்கே போடாதே என்றார்.
பட்டை கையை நெரித்தது, பிறகு
ஏர் பிரேக் விட்டது போல உஸ்ஸென்று இறங்கியது.
மறுபடியும் பார்த்தார். அதே எண்தான்.
சிறுநீரில் புரதம் கசிகிறதாம்.
சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்துகொண்டு
கிட்னியின் சல்லடையைக் கிழிக்கிறார்களாம்.
சேர்ந்து வேலை செய்பவர்கள் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

திட்டு விழும் என்று முதுகை இறுக்கி வைத்திருந்தேன்.
டாக்டர் ஹசீனா பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"உங்க வரிசை எத்தனை மணிக்கு நகரும்?"

இருபத்திரண்டு வருஷமாக
ஓனர் கேட்டிருக்கிறான், ஏஜென்ட் கேட்டிருக்கிறான்,
கெட்ட வார்த்தை சேர்த்து.
இப்படி ஒருவரும் கேட்டதில்லை.
போய் வண்டியைத் திறந்து
வேர்க்கடலைக் காகிதத்தைக் கொண்டுவந்து
மேஜையில் வைத்தேன்.
முப்பத்தொன்று.

"இது இப்போதைக்கு வேணாம்" என்றார்.
வேறொன்று எழுதினார், கிட்னிக்கும் காவலாம்.
ரெண்டு வாரத்தில் ரத்தம் பார்க்கணும்,
மேலே நூற்று முப்பது, கீழே எண்பது,
அதற்குள் வரணும்.
"வறட்டு இருமல் வந்தா நீங்களே நிறுத்திடாதீங்க.
வந்து சொல்லுங்க, முனிரத்தினம்."

இப்போது நூற்று நாற்பத்தாறு.
இன்னும் பதினாறு வண்டி தூரம்.
ரத்தமும் கொடுத்தாயிற்று.
எஸ்தருக்கு அந்த முப்பத்தொன்றைப் பற்றி
இன்னும் சொல்லவில்லை.

நேற்று வரிசை ஆறு மணி நேரம்.
நான் இறங்கவே இல்லை.
பின்னால் நின்றவன் இறங்கினான், வரிசை நகர்ந்தது,
அவன் ஓடி வந்ததைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தேன்.
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
கடல் காற்று என்று நினைத்தேன்.
ராத்திரி வீட்டிலும் இருமினேன்,
ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

போய்ச் சொல்ல வேண்டும்.
வியாழக்கிழமை லோடு இல்லை.
சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.